மீன் கணக்கு

தமிழ் நூல்களில் மீனுக்குக் குறைவில்லை. கயல் என்றும், கெண்டை என்றும், சேல் என்றும், வாளை என்றும், வரால் என்றும் புலவர்கள் பாடிய மீன்கள் பலப்பல. இளமையில் என் ஆசிரியர் என்னைத் திண்ணையில் அமர்த்தி நிகண்டு ஓதுவித்த காலத்தில், இப்பெயர்களை எல்லாம் நான் மனப்பாடம் செய்தேன். பின்னர் முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் தமிழாசிரியனாகப் பணியாற்றி, நெய்தல் நிலத்தின் இயல்பைப் பல நூறு மாணவர்க்கு எடுத்துரைத்தேன். ஆயினும், ஒரு மீனைக் கையில் எடுத்து, 'இஃது இன்ன மீன். இதன் நீளம் இவ்வளவு' என்று சொல்ல நான் ஒரு நாளும் கற்றதில்லை. அதனை அறுபத்து நான்காம் வயதில், கடல் கடந்த நாட்டில், என் தம்பி மகளிடம் கற்றேன். மீனைப் பற்றி மட்டும் கற்றிருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். அன்று என்னைப் பற்றியும் ஒன்று கற்றேன்.

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியாவில் வாழும் என் தம்பியின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவன் மகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள்; கடல்வாழ் உயிர்களைப் பற்றிய கல்வி கற்றுத் தேறியவள். வீட்டில் தமிழே பேசி வளர்ந்தமையால் அவள் நாவில் நம் மொழி நன்கு தங்கியிருந்தது.

"உன் பணி யாதம்மா?" என்று ஒருநாள் வினவினேன்.

"மீன் எண்ணுகிறேன், பெரியப்பா" என்றாள்.

அவள் விளையாட்டாகச் சொல்கிறாள் என்று எண்ணி நகைத்தேன். கடல் மீனை எண்ணுவதும் வான் மீனை எண்ணுவதும் ஒன்றல்லவா? அவளோ நகைக்காமல் விளக்கினாள்.

"மீன் பிடிப்பவர் இரு வகையினர், பெரியப்பா. விற்பதற்காகப் பிடிப்பவர் ஒரு வகை. அவர்கள் பிடித்த மீன் துறையில் எடை போடப்படுகிறது. அதற்குச் சீட்டு உண்டு. ஆகவே கணக்கும் உண்டு. பொழுதுபோக்காகப் பிடிப்பவர் மற்றொரு வகை. விடுமுறை நாளில் தூண்டிலும் கையுமாக வந்து, கிடைத்ததை வீட்டிற்குக் கொண்டு சென்று சமைத்து உண்கின்றனர். அந்த மீன் சந்தைக்கு வருவதில்லை. எவர் ஏட்டிலும் ஏறுவதில்லை. ஒருவர் பிடிப்பது இரண்டு மூன்றுதான். ஆனால், பிடிப்பவரோ இலட்சக்கணக்கானோர். சில வகை மீன்களில் படகுத் தொழிலாளர் பிடிப்பதைக் காட்டிலும் இவர்கள் பிடிப்பதே மிகுதி. அந்தக் கணக்கு தெரியாவிட்டால் கடலில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதும் தெரியாது."

அமெரிக்க நாடு இத்தகைய கணக்கை 1979-ஆம் ஆண்டு முதல் எடுக்கத் தொடங்கியதென்றும், கலிபோர்னியா மாநிலம் 2004 முதல் தனக்கென ஒரு கணக்கெடுப்பை அமைத்துக்கொண்டதென்றும் அவள் கூறினாள். அதில் பணியாற்றும் மாதிரிக் கணக்கெடுப்பாளருள் அவளும் ஒருத்தி. கடற்பாலங்களிலும், மணற்கரைகளிலும், படகிறங்கு துறைகளிலும் நின்று, தூண்டிற்காரர் கொணரும் மீனை இனங்கண்டு, எண்ணி, அளந்து, நிறுத்து எழுதுதல் அவள் தொழில். சில நாட்களில் பயணிகளை ஏற்றிச் செல்லும் மீன்பிடி படகுகளில் தானும் ஏறிச் சென்று, அவர்கள் பிடித்ததையும், பிடித்துத் திரும்ப விட்டதையும் கண்டு குறிப்பதும் உண்டு.

இப்பணியை நேரில் காணும் ஆவல் எனக்கு உண்டாயிற்று. தன் மேலாளரிடம் சொல்லி இசைவு பெற்று, ஒருநாள் வைகறையில் என்னை அழைத்துச் சென்றாள். "நீங்கள் பலகையில் அமர்ந்து காணலாம், பெரியப்பா. ஆனால், மீன் பிடிப்பவரிடம் நீங்கள் ஒன்றும் கேட்கலாகாது, கேட்பது என் கடமை" என்று வழியிலேயே சொல்லிவைத்தாள். பள்ளியில் பிறருக்கு விதி சொல்லிப் பழகிய நான், அன்று விதிக்கு அடங்கிய மாணவனானேன்.

நாங்கள் சென்ற இடம் மான்டரே என்னும் கடற்கரை நகரம். அங்கே 1926-இல் கட்டப்பட்ட கடற்பாலம் ஒன்று நெடுந்தொலைவு கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. ஆகஸ்டு மாதமாயினும் குளிர் கடுமையாக இருந்தது. கடலையும் வானையும் வேறு பிரித்தறிய ஒண்ணாதவாறு மூடுபனி கவிந்திருந்தது. பாலத்தின் அடியிலிருந்து கடற்சிங்கங்கள் எழுப்பிய பேரொலி, பனியினூடே வந்து செவியைத் தாக்கியது.

அந்நகரம் மீனால் வாழ்ந்து, மீன் இன்மையால் தாழ்ந்த நகரம். நாம் மத்தி என்று அழைக்கும் மீனின் இனமான பசிபிக் மத்தியைத் தகரக் குவளையில் அடைக்கும் ஆலைகள், ஒரு காலத்தில் அக்கரையில் வரிசையாக நின்றன. 1936-37-ஆம் பருவத்தில் அம்மேற்குக் கடலோரம் முழுவதிலும் பிடிக்கப்பட்ட மத்தி 7 இலட்சம் டன்னுக்கும் மேற்பட்டது. 'இக்கடல் வற்றாது' என்று எல்லோரும் நம்பினர். அளவின்றி அள்ளியது பாதியும், கடலின் இயல்பு மாறியது பாதியுமாகச் சேர்ந்து, இருபது ஆண்டு கழிவதற்குள் அந்த மத்திக் கூட்டம் அருகிப்போயிற்று. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடுண்டன. 1973-இல் மூடப்பட்ட ஆலை ஒன்றின் இடத்தில்தான், இன்று உலகப் புகழ் பெற்ற மீன் காட்சியகம் நிற்கிறது. அது 1984-இல் திறக்கப்பட்டது. ஆயிரமாயிரம் டன் மீனை அள்ளிய ஊரில், இப்போது மக்கள் சீட்டு வாங்கிக்கொண்டு கண்ணாடிக்குள் மீனைக் காண்கின்றனர்.

என் தம்பி மகள் தன் மேற்சட்டையை அணிந்து, அளவுப் பலகையையும் தொங்கு தராசையும் எடுத்துக்கொண்டு பாலத்தின் ஒரு முனையிலிருந்து புறப்பட்டாள். முதலில் பாலம் முழுவதும் நடந்து, தூண்டில் இட்டிருந்தவர் எத்தனை பேர் என்று எண்ணினாள். அம்மாநிலத்தில் பொதுக் கடற்பாலத்தில் மீன் பிடிக்க உரிமச் சீட்டு வேண்டுவதில்லை. ஆகவே, எத்தனை பேர் பிடிக்கின்றனர் என்பதை நேரில் சென்று எண்ணினாலன்றி அறிய இயலாது. அதன் பின்னரே ஒவ்வொருவரையும் அணுகினாள்.

அவள் அணுகிய முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முதலில் முகமலர்ந்து வணக்கம் கூறுவாள். தான் யார் என்பதையும், எதற்காக வந்தாள் என்பதையும் சொல்வாள். விடையளிப்பது அவரவர் விருப்பம் என்பதையும் மறவாமல் உரைப்பாள். பிறகு, எவ்வளவு நேரமாகத் தூண்டில் இட்டிருக்கிறீர்கள், எந்த மீனை நாடி வந்தீர்கள், பிடித்ததில் எத்தனையைத் திரும்ப விட்டீர்கள் என்று வினவுவாள். அவர் இசைந்தால், வாளியில் உள்ள மீன்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் கிடத்தி, வாயின் நுனி முதல் வாற்பிளவின் நடு வரை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, நிறுத்து, மீண்டும் வாளியிலேயே இடுவாள்.

தன் சிறு மகளுடன் வந்திருந்த ஒருவரிடம் வெள்ளி போல் மின்னும் அகன்ற மீன் ஒன்று இருந்தது. அதனைச் சர்ஃப்பெர்ச் என்று அழைக்கின்றனர். என் தம்பி மகள் அதன் வயிற்றை மெல்லத் தொட்டுக் காட்டி அச்சிறுமியிடம் ஏதோ கூற, அவள் கண்கள் வியப்பால் விரிந்தன. பின்னர் எனக்கும் அதனைச் சொன்னாள்: அம்மீன் முட்டையிடுவதில்லை, குட்டி ஈனுகிறது! மீனினத்தில் இப்படியும் உண்டு என்பதை எந்த நிகண்டும் எனக்குச் சொன்னதில்லை.

பாலத்தின் நடுவில் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் அருகில் இருந்த வாளி வெறுமையாக இருந்தது. இவள் வருவதைக் கண்டதும் அவர் கையை அசைத்து, "என்னிடம் ஒன்றும் இல்லை, அடுத்தவரிடம் செல்" என்றார். அவர் குரலில் சிறிது நாணமும் இருந்தது.

"ஒன்றும் இல்லை என்பதை எழுதத்தான் வந்தேன், ஐயா" என்றாள் அவள்.

முதியவர் அவளை ஏறிட்டு நோக்கினார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். எத்தனை மணிக்கு வந்தார், என்ன இரை கோத்தார், எதனை நாடினார் என்பவற்றை எல்லாம் தாமே விரித்துரைத்தார். அவள் அவற்றைப் பொறுமையாகக் கேட்டு, வேண்டியவற்றைக் குறித்து, மீன் என்ற இடத்தில் சுழியம் இட்டாள்.

நண்பகலில் இருவரும் ஒரு பலகையில் அமர்ந்து, கொண்டு சென்ற தயிர்ச்சோற்றை உண்டோம். என் ஐயத்தை அப்போது கேட்டேன். "மீன் பிடிக்காதவரிடம் ஏனம்மா பொழுதைப் போக்கினாய்?"

அவள் ஒரு சிறு கணக்கால் விடை சொன்னாள். "பத்துப் பேர் தூண்டில் இட்டிருக்கின்றனர் என்று கொள்ளுங்கள். இருவர் ஐந்தைந்து மீன் பிடித்தனர். எண்மருக்கு ஒன்றும் இல்லை. பத்துப் பேரையும் கேட்டால், ஆளுக்கு ஒரு மீன் என்பது சராசரி. மீன் உள்ளவரை மட்டும் கேட்டால் சராசரி ஐந்தாகிவிடும். அந்தச் சராசரியைத்தான், கடற்கரைக்கு வந்து சென்ற எல்லாருடைய தொகையாலும் பெருக்குவார்கள். நான் எழுதும் ஒன்று அங்கே நூறாகவும் ஆயிரமாகவும் பெருகும். மெய் எழுதினால் மெய் பெருகும். பிழை எழுதினால் பிழையும் அவ்வாறே பெருகும்."

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம்மவர் சொன்னது இதைத்தான்" என்று நான் பெருமிதத்துடன் கூறினேன்.

"அது சோற்றுக்குப் பொருந்தும், பெரியப்பா. பானை முழுவதும் ஒரே நெருப்பில் வேகிறது. கடல் அப்படி அன்று. ஞாயிற்றுக்கிழமை வரும் கூட்டம் வேறு, செவ்வாய்க்கிழமை வரும் கூட்டம் வேறு. இந்தப் பாலத்தில் கிடைக்கும் மீன் வேறு, அடுத்த துறையில் கிடைப்பது வேறு. எனக்குப் பிடித்த இடத்திற்கு, பிடித்த நாளில் நான் சென்றால், நான் காண்பது கடல் ஆகாது. என் விருப்பமே ஆகும். ஆதலால், எந்த நாளில் எந்த இடத்திற்குச் செல்வது என்பதை நாங்கள் தெரிவு செய்வதில்லை. சீட்டுப் போட்டு எடுப்பது போலத் தெரிந்தெடுத்துத் தருகிறார்கள்."

என் பெருமிதம் சற்று அடங்கினாலும், உள்ளம் மகிழ்ந்தது. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், உத்தரமேரூர்க் கல்வெட்டில் பொறிக்கப்பட்ட குடவோலை முறையை அவளுக்கு எடுத்துரைத்தேன். தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, உள்ளிருப்பது இன்னது என்று அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர் நம் முன்னோர். எடுக்கும் கைக்கு விருப்பு வெறுப்பு இருத்தலாகாது என்பதே அதன் கருத்து. அதனைக் கேட்ட அவள், "எங்கள் அலுவலகத்தில் அந்தச் சிறுவனுக்குப் பதிலாகக் கணினி இருக்கிறது" என்று சொல்லிச் சிரித்தாள்.

பிற்பகலில் நடந்த நிகழ்ச்சியே என் நெஞ்சைத் தைத்தது. பாலத்தின் ஓரத்தில் ஒருவர் நின்று மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்த பலகையிலேதான் நான் அமர்ந்திருந்தேன். என் கண் முன்னே அவர் நான்கு மீன்களைப் பிடித்து வாளியில் இட்டு, ஈரத்துணியால் மூடினார். என் தம்பி மகள் வந்து வணக்கம் கூறியபோது, அவர் தலையை அசைத்து, பேச விருப்பமில்லை என்று சொல்லிவிட்டார். அவள் வற்புறுத்தவில்லை. நன்றி கூறி நகர்ந்து, ஒருவர் விடையளிக்க மறுத்தார் என்று மட்டும் குறித்துக்கொண்டாள்.

நான் அவளைத் தனியே அழைத்தேன். "அம்மா, அவர் வாளியில் நான்கு மீன் உண்டு. நான் என் கண்ணாலேயே கண்டேன். நான்கு என்று எழுதிக்கொள்."

"எழுதலாகாது, பெரியப்பா" என்றாள் அவள்.

"ஏன்? நான் பொய் சொல்கிறேனா?"

"நீங்கள் பொய் சொல்லவில்லை. ஆனால், கண்டவர் நீங்கள், நான் காணவில்லை. என் கண்ணால் கண்டதற்கு ஒரு கட்டம் உண்டு. பிடித்தவரே தம் வாயால் சொன்னதற்கு ஒரு கட்டம் உண்டு. அடுத்திருந்தவர் சொன்னதற்குக் கட்டம் இல்லை. அன்றியும், நான் காவலர் அல்லேன். மறுக்க அவருக்கு உரிமை உண்டு என்று நானே சொல்கிறேன். மறுத்த பிறகு வேறு வழியாக அறிந்து எழுதினால், நாளை இந்தப் பாலத்தில் எவரும் என்னிடம் மெய் சொல்லார்."

அவள் இதனைக் கடுமையாகச் சொல்லவில்லை, மெல்லத்தான் சொன்னாள். ஆயினும், அடுத்திருந்தவர் சொன்னதற்குக் கட்டம் இல்லை என்ற சொல், முப்பத்து மூன்று ஆண்டுகளாக நான் மூடி வைத்திருந்த ஒன்றைத் திறந்துவிட்டது. அவள் மீண்டும் தன் பணிக்குச் சென்றாள். நான் கடலை நோக்கியவாறு அமர்ந்திருந்தேன். ஆனால், கடலைக் காணவில்லை.

1991-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். நம் நாட்டில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெற்றது. ஆசிரியர்களே பெரும்பாலும் கணக்கெடுப்பாளராக அமர்த்தப்பட்டனர். நானும் ஒருவன். நான் பணியாற்றிய கடலோரச் சிற்றூரின் ஒரு பகுதி எனக்கு ஒதுக்கப்பட்டது. ஒவ்வொரு வீட்டிற்கும் நேரில் சென்று, ஒவ்வொருவர் பெயரையும் வயதையும் கேட்டு எழுதுதல் வேண்டும். ஊருக்குள் இருந்த வீடுகளை எல்லாம் செவ்வனே எழுதி முடித்தேன். எஞ்சியவை, ஓடைக்கு அப்பால் உப்பளத் தொழிலாளர் வாழ்ந்த ஏழு குடிசைகள். அவற்றிற்குச் செல்ல முழங்காலளவு சேற்றில் இறங்கி நடத்தல் வேண்டும். வெயிலோ கடுமை, உடுத்தியதோ வெள்ளை வேட்டி. 'பகலில் அங்கு எவரும் இரார். எல்லாரும் உப்பளத்திற்குச் சென்றிருப்பர்' என்று எனக்கு நானே கூறிக்கொண்டேன்.

ஓடைக் கரையில் தேநீர்க் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் அக்குடிசைகளில் வாழ்வோரை நன்கு அறிந்தவர். அவர் பெயர்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வயதை இருவருமாக ஊகித்தோம். இருபது பேர் என்று கணக்கு முடிந்தது. தேநீர் பருகிவிட்டு இல்லம் திரும்பினேன். ஒருவரும் என்னை வினவவில்லை.

2000-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆறாம் வகுப்பிற்குப் புதிதாக ஒரு மாணவன் வந்தான். கூர்மையான அறிவும் இனிய குரலும் உடையவன். அவன் ஊரையும் குடும்பத்தையும் வினவியபோது, ஓடைக்கு அப்பாலுள்ள குடிசையில் 1989-இல் பிறந்தவன் என்றும், அன்று முதல் அங்கேயே வாழ்கிறான் என்றும் சொன்னான். அவன் தந்தையின் பெயரைக் கேட்டேன். அது நான் அன்று எழுதிய பெயர்களுள் ஒன்று அன்று. அவன் பெயரும் நான் எழுதியதன்று. அவன் மண்ணில் தவழ்ந்து திரிந்த நாளில், அரசாங்க ஏட்டில் அவன் பிறக்கவே இல்லை. அவனைப் பிறவாதவன் ஆக்கியது என் எழுதுகோல்.

ஓர் ஊரில் எத்தனை பேர் என்பதைக் கொண்டே பள்ளியும், கிணறும், மருந்தும், அரிசியும் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. ஓரிரு பெயர் விடுபட்டதால் அந்த ஊர் கெட்டுப்போயிற்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும், இருக்கும் ஒருவனை இல்லை என்று எழுதும் உரிமையை எனக்கு எவர் தந்தார்? அவன் ஐந்தாண்டுகள் என்னிடம் தமிழ் கற்றான். ஒவ்வொரு நாளும் வருகைப் பதிவில் அவன் பெயரை அழைத்தபோது, "உள்ளேன் ஐயா" என்று அவன் சொல்வான். அச்சொல் என்னை எவ்வாறு சுட்டிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆயினும் அவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மாலையில் வீடு திரும்பும் வழியில் இதனை எல்லாம் என் தம்பி மகளிடம் சொன்னேன். அவள் ஆறுதல் கூறுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நெடுநேரம் சாலையையே நோக்கியிருந்தாள். பிறகு வேறொன்றைப் பேசுபவள் போலத் தொடங்கினாள்.

"எங்கள் கடலில் பாறைமீன் என்று ஓர் இனம் உண்டு, பெரியப்பா. அவற்றுள் சில வகைகள் நூறாண்டுக்கு மேல் வாழும், மெல்ல வளரும். அவை மிகவும் அருகிப் போனமையால், 2000-ஆம் ஆண்டில் இந்த மேற்குக் கரையின் அடிக்கடல் மீன்பிடிப்பே பேரிடருக்கு உள்ளானதாக அரசு அறிவித்தது. பல வகைகளைப் பிடிப்பது தடுக்கப்பட்டது. எத்தனை ஆண்டுக்கு? எவருக்கும் தெரியாது. நாங்கள் ஆண்டுதோறும் எண்ணி எழுதினோம். கடலும் துணை செய்தது. கேனரி என்னும் வகை மீண்டுவிட்டதென்று 2015-இலும், பொக்காச்சியோ என்னும் வகை மீண்டதென்று 2017-இலும், கௌகாட் என்னும் வகை மீண்டதென்று 2019-இலும் அறிந்தோம். சால்மன் மீனோ குறைந்துவிட்டது. ஆகையால் சென்ற ஆண்டும் இவ்வாண்டும் எங்கள் கடலில் அதனை எவரும் பிடிக்கலாகாது என்று தடுத்துவிட்டனர். மீனவர்க்கு அது எவ்வளவு துன்பம் என்பதை நான் துறையில் நாள்தோறும் காண்கிறேன். என் கணக்கில் கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுப்பார். அவர் முகத்தை நான் ஒருபோதும் காணேன்."

சற்றே நிறுத்தி, "நீங்கள் கண்டுவிட்டீர்கள், பெரியப்பா. அவரிடம் சொன்னீர்களா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன். அதன் பிறகு இருவரும் ஒன்றும் பேசவில்லை.

தாயகம் திரும்பிய பின், ஐப்பசி மாதத்தில் ஒருநாள் அச்சிற்றூருக்குச் சென்றேன். ஓடையின்மேல் இப்போது பாலம் இருக்கிறது. குடிசைகள் ஓட்டு வீடுகளாகவும் காரை வீடுகளாகவும் மாறியிருந்தன. என் பழைய மாணவன், அண்மையிலுள்ள நகரில் மின்கருவிகளைப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். அன்று ஞாயிற்றுக்கிழமையாதலின் வீட்டில் இருந்தான். என்னைக் கண்டதும் ஓடிவந்து நாற்காலி இட்டான். அவன் தாயாரும் வந்து திண்ணையில் அமர்ந்தார். நான் செய்ததை மறைக்காமல் சொன்னேன்.

மாணவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் தாயாரே பேசினார்.

"பெயர் எழுத ஆள் வருவார்கள் என்று கேள்விப்பட்டோம், ஐயா. நாங்கள் இங்கு வந்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. ஓர் ஏட்டில் நம் பெயர் ஏறட்டும் என்று நினைத்தேன். அன்று உப்பளத்திற்குப் போகவில்லை. இவனைக் குளிப்பாட்டி, நல்ல சட்டை போட்டு, மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்ந்தது. ஒருவரும் வரவில்லை."

பகலில் அங்கு எவரும் இரார் என்று நான் சொல்லிக்கொண்டதும் பொய்யாயிற்று. அந்த அம்மையார் ஒரு நாள் கூலியை இழந்து எனக்காகக் காத்திருந்தார். நானோ, நூறு கோலுக்கு இப்பால் தேநீர் பருகிக்கொண்டிருந்தேன்.

என் கண்கள் கலங்குவதைக் கண்டு அவர் சிரித்தார். "அழாதீர்கள், ஐயா. இப்போதுதான் வந்துவிட்டீர்களே, எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் என் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தேன். அதனைக் கண்டதும் அவர் முகம் மாறிற்று. நினைவு கூர்ந்து, விரல் மடித்து, ஒவ்வொரு குடிசையாகச் சொல்லத் தொடங்கினார். இந்த வீட்டில் கிழவி ஒருத்தியும் அவள் பேரனும். அந்த வீட்டில் கணவன், மனைவி, மூன்று பெண் மக்கள். அதற்கடுத்த வீட்டில் பிறந்து நாற்பது நாளான கைக்குழந்தை. தமக்கு ஐயம் தோன்றிய இடங்களில் அண்டை வீட்டாரை அழைத்துக் கேட்டார். ஏழு குடிசையும் முடிந்தன. கூட்டிப் பார்த்தேன், இருபத்தாறு. கடைசியாக என் மாணவன் பெயரை எழுதி, அதன் எதிரே வயது இரண்டு என்று குறித்தேன்.

அந்தக் கணக்கு எந்த அலுவலகத்திற்கும் பயன்படாது. 1991-ஆம் ஆண்டின் ஏடுகள் என்றோ மூடப்பட்டுவிட்டன. ஆயினும் அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அடுத்தவர் சொல்லக் கேட்டு நான் அன்று எழுதிய இருபதும் அதன் ஓரத்தில் இருக்கிறது, அதனை அடிக்கவில்லை. அதுவும் நான் செய்ததுதானே!

மாணவர்களே! நீங்களும் நாளை எண்ணுவோராகவும் எழுதுவோராகவும் ஆவீர்கள். ஆய்வுக்கூடத்தில் வெப்பமானியின் அளவைக் குறிப்பீர்கள். பண்டகசாலையில் மூட்டைகளை எண்ணுவீர்கள். மருத்துவமனையில் நோயாளியின் நாடியை எழுதுவீர்கள். அவ்வேளைகளில் வெயில் கடுமையாக இருக்கும். ஓடையில் சேறு இருக்கும். கரையில் தேநீர்க் கடையும் இருக்கும். அப்போது, பனி சூழ்ந்த பாலத்தில் வெறும் வாளியின் முன் நின்று, ஒன்றும் இல்லை என்பதை எழுதத்தான் வந்தேன் என்று சொன்ன அப்பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு, ஓடையைக் கடந்து செல்லுங்கள். அக்கரையில் ஒருவர் உங்களுக்காகக் காத்திருக்கக்கூடும்.